ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை

மழையில் ஊறிய மண்ணில் கார் டயர் பஞ்சரானால், அவசரப்பட்டு ஜாக்கியை வைத்துவிடாதீர்கள், நேயர்களே. காரோடு வரும் ஜாக்கியின் அடித்தட்டு உள்ளங்கை அகலம்தான். வண்டியின் ஒரு மூலையைத் தூக்கும்போது சில நூறு கிலோ பாரம் அதன்மேல் இறங்கும். வண்டி மேலே எழும்பாது, ஜாக்கிதான் மண்ணுக்குள் புதையும். ஒரு பக்கமாகப் புதைந்தால் சாய்ந்து, வண்டியைக் கீழே போட்டுவிடும்.

ஓரடிக்கு ஓரடி அளவில் கனமான மரப்பலகை ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள். 10 சென்டிமீட்டர் சதுரத்தில் இறங்கும் பாரம் 30 சென்டிமீட்டர் சதுரத்துக்குப் பரவினால், மண்ணின் மேல் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். பலகைக்குப் பதில் செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளை, வண்டி தரையில் நிற்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். தூக்கியதும் ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் படுக்கவையுங்கள். ஜாக்கி சறுக்கினாலும் வண்டி அதன்மேல் உட்காரும். உங்கள் கை தப்பிக்கும்.

அடியில் படுத்துச் செய்யும் வேலையா? தயவுசெய்து ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். வண்டியைக் கெட்டித் தரைக்குக் கொண்டுபோய், ஸ்டாண்டு கொடுத்து நிறுத்திய பிறகே படுங்கள்.