வேலைச் செலவும் வருமான வரியும்

வருமான வரி என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே, அஃது ஆடிட்டர்கள் பாடு என்று நம்மிற் பலர் வாளா இருந்துவிடுகின்றனர். கல்லூரியை விட்டு உத்தியோகத்திற்கோ தொழிலுக்கோ செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டிலேயே எதிர்ப்படும் விஷயமாதலின், இதனைச் சிறிது விளக்குவது பயனுடைத்தாம் என்று கருதுகின்றேன்.

இவ்வரி நம் நாட்டில் 1860-இல் ஜேம்ஸ் வில்சன் என்பவரால் புகுத்தப்பட்டது. அதற்கு முன்னரே நம் தர்மபுரிச் சீமை வரிக்கணக்கிற்குப் பேர்போனது. 1792-இல் பாரமஹால் கம்பெனியார் கைக்கு வந்தபின், காப்டன் ரீடும் அவருக்கு உதவியாயிருந்த தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே நிலத்தை அளந்து ரயத்துவாரி முறைக்கு அடிகோலினர். அன்று வரி விளைநிலத்தின்மேல் விழுந்தது. இன்றோ பயிர் வருமானத்திற்கு வருமான வரி இல்லை. சம்பளத்திற்கும் கடைக்கும் லாரிக்குமே உண்டு.

சம்பளக்காரரை முதலிற் கூறி முடித்துவிடலாம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உத்தியோகஸ்தர் ஒருவர் தம் வேலைக்கென்று கைப்பொருள் செலவழித்தால், விதிகளுக்கு உட்பட்டு அதனைத் தம் வருமானத்திற் கழித்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலிய வரி இலாகாவார் இதன்பொருட்டுக் கைப்பேசிச் செயலியொன்றும் தந்துள்ளனர். நம் நாட்டில் அவ்வழக்கம் இல்லை. செலவு எவ்வளவாயினும் ஆகுக என்று எல்லார்க்கும் ஒரே தொகை கழிக்கப்படுகின்றது. 1974-இல் ஏற்பட்ட இக்கழிவு 2005-இல் நீக்கப்பட்டு, 2018-இல் ரூ. 40,000-ஆக மீண்டது; 2024-25 முதல் புதிய முறையில் ரூ. 75,000. ஆதலின் ஆசிரியர் ஒருவர் பேருந்துச் சீட்டுக்களைக் கட்டிவைத்துச் சர்க்காரிடம் காட்டுவது வீண். அலுவற் பிரயாணத்திற்கென்று நிர்வாகம் தரும் படிக்கு மட்டும், உண்மையிற் செலவான அளவுக்கு விலக்கு உண்டு. அவர் சீட்டுக்களைக் காட்டவேண்டிய இடம் தம் நிர்வாகமே.

தொழில் செய்வோர் நிலை வேறு. தொழிலுக்கென்றே முழுதும் செய்த செலவு கழிக்கப்படும் என்பது பொது விதி. நம் ஜில்லாவின் ஊடே செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், தொப்பூர்க் கணவாயில் இரவும் பகலும் ஏறியிறங்கும் லாரிகளையே உதாரணமாகக் கொள்வோம். பத்து லாரிகளுக்கு மேற்படாமல் வைத்திருப்பவர் கணக்கே எழுதாமல் வரி செலுத்தச் சட்டம் ஓர் எளிய வழி தருகின்றது. மொத்த எடை 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியாயின் டன்னுக்கு மாதம் ரூ. 1,000, சிறு வண்டியாயின் வண்டிக்கு மாதம் ரூ. 7,500 வருமானம் என்று கொள்ளப்படும். 16 டன் லாரி ஒன்றுக்கு ஆண்டு வருமானம் ரூ. 1,92,000 ஆகும். ஒரு லாரிக்காரருக்கு இதனால் வரியே இல்லை. அத்தகைய லாரி ஏழு உடையவர்க்கோ ரூ. 13,44,000 ஆகிறது, 2025-26 விகிதப்படி ‘செஸ்’ உட்பட ரூ. 84,864 வரி.

எளிய வழிதான், ஆயினும் எல்லார்க்கும் இலாபமான வழியன்று. அவ்வேழில் ஒன்றை அவ்வாண்டே ரூ. 25 இலட்சத்திற்குக் கடனில் வாங்கினார் என்க. வாடகைக்கு ஓடும் லாரிக்குத் தேய்மானம் 30 விழுக்காடு. 180 நாளேனும் ஓடியிருப்பின் முதலாண்டிலேயே ரூ. 7,50,000 கழியும். கடன் வட்டியும் டயரும் இன்ஷூரன்ஸும் டிரைவர் பேட்டாவும் வேறு. எளிய வழியில் இவை ஒன்றும் தனியே கழிக்கப்படா. கணக்கெழுதித் தணிக்கை செய்வித்தால் மெய்யான இலாபத்திற்கே வரி. எது நன்று என்பதை ஆண்டிறுதியில் தீர்மானிக்க வேண்டுமாயின், ஆண்டு முழுதும் கணக்கு இருந்திருக்க வேண்டும். பலர் தவறுவது இவ்விடத்திலேதான்.

இங்கேதான் கைப்பேசி துணையாகின்றது. 2021 பிப்ரவரியிற் கட்டாயமான ‘பாஸ்டாக்’ எந்த வண்டி எந்தச் சாவடியை எப்பொழுது கடந்தது, எவ்வளவு செலுத்தியது என்று தானே எழுதிவைக்கின்றது. 2016-இல் வந்த யூ.பி.ஐ. யாருக்கு எவ்வளவு சென்றது என்பதைக் காட்டும்; எதற்காகச் சென்றது என்பதைக் காட்டாது. ஆகவே டீசல் ரசீதும் பட்டறைச் சீட்டும் வேண்டும். இவற்றை அன்றன்றே படம் பிடித்து, தேதியும் வண்டி எண்ணும் பெயராக இட்டு வைத்தல் நலம். அனல் அச்சுத் தாளில் வரும் ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். ஒருமுறை நான் ஓராண்டுச் சீட்டுக்களைப் பத்திரமாய்க் கட்டிவைத்து அவிழ்த்தபொழுது, பாதிக்குமேல் வெண்தாள்களாகவே இருந்தன! தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்தல் எல்லாச் செயலிகளினும் சிறந்தது. வீட்டு மளிகையும் லாரி டீசலும் ஒரே கணக்கிற் கலந்தால் எந்த இயந்திரமும் பிரித்துத் தராது.

ரொக்கத்திற்கு எல்லையுண்டு. ஒரு நாளில் ஒருவருக்கு ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்செலவு கழிக்கப்படாது. சரக்கு வண்டிக்காரர்க்குக் கொடுப்பதாயின் எல்லை ரூ. 35,000. பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி வாங்கும் வியாபாரி, பயிரிட்டவர் கையிலேயே பணத்தைக் கொடுப்பாராயின் இத்தடை இல்லை. இடைத்தரகருக்குக் கொடுப்பின் உண்டு. பேட்டா, ஏற்றுகூலி போன்ற சிறு ரொக்கங்களுக்குப் பெற்றவர் கையொப்பமிட்ட சீட்டொன்றைப் படம் பிடித்துக்கொள்வது போதும். பொய்ச் சீட்டுக் கட்டுவார்க்கு, 2020 முதல், அப்பொய்த் தொகைக்குச் சமமான தண்டம் விதிக்க இடமுண்டு.

மின்கணக்கைச் சர்க்கார் ஒப்புமோ எனச் சிலர் வினவுகின்றனர். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ‘பிளாப்பி’த் தட்டிற் பதித்த கணக்கின் அச்சுப்படியையே முன்பு ஏற்றது; 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் மின்வடிவக் கணக்கையே கணக்கேடு என்று வெளிப்படையாகக் கூறிற்று. 2026 ஏப்ரல் 1 முதல் செல்லுமாறு 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டதனால் பிரிவு எண்கள் மாறியுள்ளன. பழைய எண்களை மனப்பாடம் செய்தோர் பார்த்துக்கொள்வாராக. கணக்கேடுகளை ஆறாண்டு வைத்திருத்தல் வழக்கம். கைப்பேசி ஆறாண்டு உழைப்பது அரிதாகையால், மாதந்தோறும் வேறோரிடத்தில் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.