ஓட்டுநர் உரிமத் தேர்வு: புதிய ஓட்டுநருக்கான ஆயத்தம்

ஓட்டுநர் உரிமத் தேர்வு என்பது, மோட்டார் வாகனம் ஓட்டப் பழகிய ஒருவர் அதைப் பொதுச் சாலையில் தனியாக ஓட்டத் தகுதி பெற்றுவிட்டாரா என்று அரசு சோதித்துப் பார்க்கும் தேர்வாகும். இந்தியாவில் இத்தேர்வு மோட்டார் வாகனச் சட்டம் 1988, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 ஆகியவற்றின்படி நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் (ஆர்.டி.ஓ. அலுவலகம்) மோட்டார் வாகன ஆய்வாளர் இதை நடத்துகிறார்.

பேச்சு வழக்கில் இத்தேர்வை "எட்டு போடுவது" என்றே சொல்கிறார்கள். ஆனால் எட்டு போடுவது இருசக்கர வாகனத் தேர்வின் ஒரு பகுதி மட்டுமே. மத்திய விதிகளின் 15ஆம் விதி, ஓட்டுநரிடம் இருக்க வேண்டிய இருபதுக்கும் மேற்பட்ட திறன்களைப் பட்டியலிடுகிறது. தேர்வுக்கு ஆயத்தமாதல் என்பது இந்தப் பட்டியலுக்கு ஆயத்தமாவதே. கள்ளக்குறிச்சி மாவட்டம் களமருதூரிலிருந்து தேர்வுக்குச் செல்லும் ஒருவரை மனத்தில் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

சட்டப் பின்னணி

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1939ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் இன்றைய 1988ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. 2019இல் செய்யப்பட்ட திருத்தம் அபராதத் தொகைகளைப் பல மடங்கு உயர்த்தியது. உலக அளவில் பார்த்தால், பிரித்தானியாவில் ஓட்டுநர் தேர்வு 1935 சூன் 1 அன்றுதான் கட்டாயமாக்கப்பட்டது.

உரிமம் இன்றி ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளரும் தனியே தண்டனைக்கு உரியவர். அதைவிடப் பெரிய சுமை விபத்து நேரும்போது வருகிறது. ஓட்டியவரிடம் உரிமம் இல்லையென்றால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் வண்டியின் உரிமையாளரிடமிருந்து திரும்பப் பெற வழியுண்டு. ஒரு குடும்பத்தின் நிலமும் வீடும் கைமாறிப் போக இது ஒன்றே போதும்.

வயது வரம்பு

வாகனம் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16 வயது நிறைந்தவர் 50 சிசிக்கு மேற்படாத இயந்திரம் கொண்ட இருசக்கர வாகனத்தைப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலுடன் ஓட்டலாம். இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேற்பட்டவை. ஆகவே பள்ளி மாணவர் வீட்டு ஸ்கூட்டரை ஓட்ட இந்தச் சலுகை உதவாது. லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு 20 வயது வேண்டும்.

18 வயது நிறையாதவர் ஓட்டிப் பிடிபட்டால், பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு இரத்தாகும். ஓட்டிய சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற முடியாது.

முதற்படி: பழகுநர் உரிமம்

"எல்.எல்.ஆர்." என்று அழைக்கப்படும் பழகுநர் உரிமம் பெற்ற பிறகே சாலையில் பழகத் தொடங்கலாம். மத்திய அரசின் "சாரதி" இணையதளம் வழியாக இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். இணைய வசதி இல்லாதவர்கள் அருகிலுள்ள இ-சேவை மையத்தை அணுகலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, உடல்தகுதி பற்றிய தன் உறுதிமொழி (படிவம் 1) ஆகியவை தேவை. 40 வயதைக் கடந்தவர்களும் போக்குவரத்து வாகனம் ஓட்ட விரும்புவோரும் மருத்துவச் சான்று (படிவம் 1அ) இணைக்க வேண்டும். மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்துக்கு ஒவ்வொரு வாகன வகைக்கும் 150 ரூபாயும், அதற்கான தேர்வுக்கு 50 ரூபாயும் கட்டணமாகும்.

இந்தத் தேர்வு கணினியில் கேள்விகளுக்கு விடை தேர்ந்தெடுக்கும் முறையில் நடக்கும். நூற்றுக்கு 60 விழுக்காடு கேள்விகளுக்குச் சரியான விடை தர வேண்டும். கேள்விகள் நான்கு பகுதிகளிலிருந்து வரும்.

1. போக்குவரத்துக் குறியீடுகளும் சாலை விதிகளும். குறியீடுகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதைவிட வடிவத்தைக் கொண்டு நினைவில் வைப்பது எளிது. வட்டம் கட்டளையிடும். முக்கோணம் எச்சரிக்கும். செவ்வகம் தகவல் சொல்லும். எண்கோணம் "நில்" என்பதற்கும், தலைகீழ் முக்கோணம் "வழிவிடு" என்பதற்கும் மட்டுமே உரியவை.

2. விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள். காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல் துறைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் தருவதும் சட்டப்படியான கடமைகள்.

3. ஆளில்லா இரயில் கடவுப்பாதையைக் கடக்கும் முறை. வண்டியை நிறுத்தி, உடன் வருபவர் இறங்கிச் சென்று இருபுறமும் பார்க்க வேண்டும். தனியாக வந்தால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். அகலப்பாதையில் ஆளில்லாக் கடவுகள் 2019 தொடக்கத்திற்குள் நீக்கப்பட்டுவிட்டன. எனினும் இப்பகுதி தேர்வுப் பாடத்தில் உள்ளது.

4. உடன் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை இவை. டிஜிலாக்கர் செயலியில் உள்ள மின்னணுப் படிகளும் செல்லும்.

இரண்டாம் படி: பயிற்சிக் காலம்

பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள்கள் நிறைந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். இந்த 30 நாள்களைப் பலர் காத்திருக்கும் காலமாகக் கருதிவிட்டு, கடைசி இரண்டு நாள்களில் மைதானத்தில் எட்டு மட்டும் போட்டுப் பார்க்கிறார்கள். உண்மையில் இது பழகுவதற்கெனச் சட்டம் ஒதுக்கிய காலம்.

பழகும்போது வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு "எல்" எழுத்து இருக்க வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமலும், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். காரில், உரிமம் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் கற்றுத் தருபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது.

கார் ஓட்டப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால், குறைந்தது 21 நாள் பயிற்சியும் அதில் 10 மணி நேரம் நேரடியாக ஓட்டும் பயிற்சியும் தர வேண்டும் என்பது விதி. பணம் கட்டும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மாணவரின் உரிமை. 2021 சூலை முதல், அரசின் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் பயின்று அங்கேயே தேர்ச்சி பெறுவோருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத் தேர்விலிருந்து விலக்கும் உண்டு. சாதாரணப் பயிற்சிப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது.

களமருதூர் வட்டாரச் சாலைகளில் பழகுதல்

களமருதூர், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள ஊர். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. இம்மாவட்டத்தில் மூன்று வகைச் சாலைகள் உள்ளன. 15ஆம் விதியின் பட்டியலில் உள்ள திறன்களை இந்த மூன்றிலும் பழகிக்கொள்ளலாம்.

ஊர்ச் சாலை: அகலம் குறைவு. ஆடு மாடுகள் குறுக்கே வரும். அறுவடைக் காலத்தில் நெல்லும் உளுந்தும் சாலையிலேயே காயும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு தெரியாமல் இரவில் செல்வதும் உண்டு. பாதசாரிகளும் பிற ஓட்டுநர்களும் அடுத்து என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே கணித்தல், நிலைமைக்கேற்ப வேகத்தை மாற்றுதல், இடப்பக்கம் ஒட்டிச் செல்லுதல் ஆகியவை இங்கு பழக வேண்டியவை.

நான்குவழிச் சாலை: உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை செல்கிறது. சேலம் செல்லும் சாலையும் அங்கிருந்தே பிரிகிறது. ஊர்ச் சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் சேரும் இடம்தான் புதியவருக்கு மிகவும் ஆபத்தானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகிறது என்றால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 17 மீட்டர் போயிருக்கும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும். ஆகவே கண்ணாடி பார்த்தல், சைகை காட்டுதல், மீண்டும் பார்த்தல், பிறகு திரும்புதல் என்ற வரிசை கைப்பழக்கமாக வேண்டும். நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் சிறிது தூரம் சென்று திரும்பும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும்.

மலைச் சாலை: கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலைக்குக் கச்சிராயபாளையம் வழியாக ஏறி வெள்ளிமலையை அடையலாம். ஏற்றத்தில் நின்ற வண்டியைப் பின்னால் உருளாமல் மீண்டும் கிளப்புதல், இறக்கத்தில் விரைவாகக் கீழ் கியருக்கு மாறுதல் ஆகிய இரண்டையும் 15ஆம் விதி தனித்தனியே குறிப்பிடுகிறது. சமவெளியில் மட்டும் பழகியவர் தடுமாறுவது இங்கேதான். ஏற்றத்தில் காரைக் கிளப்பும்போது கைப்பிரேக்கைப் பிடித்தபடி கிளட்சை மெல்ல விட வேண்டும். வண்டி முன்னோக்கி இழுக்கும் உணர்வு வந்ததும் ஆக்சிலேட்டரை அழுத்திக் கைப்பிரேக்கை விட வேண்டும்.

இறங்கும்போது, ஏறுவதற்குத் தேவைப்படும் கியரிலேயே இறங்குவது பொது வழக்கம். எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்கினால் இயந்திரத்தின் இழுவை வண்டியைத் தடுக்காது. முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். குறுகிய மலைப்பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்தால், ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். மலையில் முதன்முறையாகப் பழகுவோர் அனுபவமுள்ளவருடன் பகலில் மட்டும் செல்வது நல்லது. கல்வராயன் மலைக்குச் செல்ல வாய்ப்பில்லாதவர் ஏரிக்கரை ஏற்றத்திலோ பாலத்தின் சரிவிலோ வாகன நடமாட்டம் இல்லாத நேரத்தில் பழகலாம்.

மூன்றாம் படி: தேர்வு நாள்

சாரதி தளத்தில் நாளும் நேரமும் முன்பதிவு செய்ய வேண்டும். தேர்வுக் கட்டணம் ஒவ்வொரு வாகன வகைக்கும் 300 ரூபாய், உரிமம் வழங்க 200 ரூபாய். பழகுநர் உரிமம், தேர்வுக்கான வண்டி, அவ்வண்டியின் நடப்பு ஆவணங்கள் ஆகியவற்றுடன் செல்ல வேண்டும். இருசக்கர வாகனத்துக்குத் தலைக்கவசம் கட்டாயம். கியர் உள்ள இருசக்கர வாகனத்தில் தேர்ச்சி பெற்றவர் கியர் இல்லாததற்கும் தேர்ச்சி பெற்றவராகவே கருதப்படுவார். ஸ்கூட்டரில் தேர்ச்சி பெற்றவருக்குக் கியர் வண்டிக்கு உரிமம் கிடைக்காது.

எட்டு போடும்போது கவனிக்க வேண்டியவை:

- சீரான குறைந்த வேகம். கியர் வண்டியில் முதல் அல்லது இரண்டாம் கியர் போதும்.
- பார்வை முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது. அடுத்துத் திரும்ப வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். பார்க்கும் பக்கமே வண்டி போகும்.
- வளைவில் முன் பிரேக்கைத் திடீரெனப் பிடிக்காமல் பின் பிரேக்கை மெல்லப் பயன்படுத்தலாம்.
- காலைத் தரையில் ஊன்றக்கூடாது. கால் ஊன்றுவதை வண்டி கட்டுப்பாட்டில் இல்லை என்பதன் அடையாளமாகவே ஆய்வாளர் கொள்வார்.
- கிளம்பும்போதும் திரும்பும்போதும் நிறுத்தும்போதும் சைகை காட்ட வேண்டும்.

கைச் சைகைகளை வலக்கையால் காட்ட வேண்டும். வலப்புறம் திரும்பக் கையைக் கிடைமட்டமாக நீட்டி உள்ளங்கையை முன்னோக்கி வைக்க வேண்டும். இடப்புறம் திரும்ப நீட்டிய கையை இடஞ்சுழியாகச் சுழற்ற வேண்டும். வேகம் குறைக்க உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்த முன்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும்.

கார் தேர்வில், இருக்கையையும் கண்ணாடிகளையும் சரிசெய்து சீட் பெல்ட் அணிந்த பிறகே இயந்திரத்தை இயக்க வேண்டும். இவற்றை ஆய்வாளர் கவனிப்பார். கியர் மாற்றம், பின்னோக்கி ஓட்டுதல், ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புதல் ஆகியவை பெரும்பாலும் கேட்கப்படும். இயந்திரம் நின்றுவிட்டால் பதறாமல் பிரேக் பிடித்து, நியூட்ரலுக்கு மாற்றி, மீண்டும் கிளப்பினால் போதும்.

தேர்ச்சி பெறாவிட்டால்

7 நாள்கள் கழித்து மீண்டும் தேர்வுக்குச் செல்லலாம். மூன்று முறையும் தேர்ச்சி பெறாதவர் கடைசித் தேர்விலிருந்து 60 நாள்கள் காத்திருக்க வேண்டும். அவர் மறுபயிற்சியும் பெற வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. எந்தத் திறனில் குறை இருந்தது என்று ஆய்வாளரிடம் பணிவுடன் கேட்டறிந்து, அதை மட்டும் அந்த ஒரு வாரத்தில் பழகலாம். இடையில் பழகுநர் உரிமத்தின் 6 மாதம் முடிந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். எனவே கடைசி மாதம் வரை தள்ளிப்போடாமல், மறுதேர்வுக்கும் நாள் இருக்கும்படி முதல் தேர்வுக்குப் பதிவு செய்ய வேண்டும்.

உரிமம் பெற்ற பின்

30 வயதுக்கு உட்பட்டவருக்கு வழங்கப்படும் தனிப்பயன் வாகன உரிமம் அவரது 40 வயது வரை செல்லும். தலைக்கவசம் இன்றி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதமும், 3 மாதம் உரிமம் இழப்பும் நேரும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் அது மது போதையில் ஓட்டிய குற்றமாகும். முதன்முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் உண்டு.

தேர்வு பகலில், ஆய்வாளர் முன்னிலையில், சில நிமிடங்களே நடக்கிறது. இரவு, மழை, பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்லுதல், நெடுந்தூரப் பயணம் ஆகியவற்றை அது சோதிப்பதில்லை. அதனால் உரிமம் கிடைத்த முதல் சில மாதங்களில் தெரிந்த சாலைகளில் பகலில் ஓட்டுவதும், நெடுஞ்சாலைக்கும் மலைச்சாலைக்கும் அனுபவமுள்ளவருடன் செல்வதும் பயன் தரும்.