போனில் காசு தோண்டலாமா?

போன மாதம் ஒரு லயத்து வாசலில் பேசிக் கொண்டிருந்தபோது ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: "எங்க மகன் தெனமும் போன்ல ஒரு பட்டன அமுக்குறான். காசு தோண்டுறேன்னு சொல்றான். வீட்டுல நாலு பேரு ஐடென்டி காட்டையும் படம் புடிச்சிக்கிட்டான். ஏதும் வில்லங்கம் வருமா?" இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறோம்.

பிட்காயின் என்ற கணினி நாணயம் 2009ஆம் ஆண்டு தொடங்கியது. இதை எந்த அரசும் அச்சடிப்பதில்லை. உலகெங்கும் உள்ள இயந்திரங்கள் ஒரு கணக்குக்கு விடை தேடிப் போட்டி போடுகின்றன. ஏறக்குறைய பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு இயந்திரம் ஜெயிக்கும், அதன் சொந்தக்காரருக்குப் புதுக் காசு கிடைக்கும். 2024 ஏப்ரலில் இருந்து இந்தப் பரிசு 3.125 பிட்காயின். இதைத்தான் 'மைனிங்', அதாவது தோண்டுதல் என்கிறார்கள். இதற்கென்றே செய்த இயந்திரங்கள் கொட்டகை கொட்டகையாக ஓடி, கரண்டைக் குடிக்கின்றன. அந்தப் போட்டியில் நம் கையில் உள்ள போன் இறங்குவது, தேயிலை ஸ்டோரில் ரோலர் ஓடும்போது பக்கத்தில் நின்று உள்ளங்கையில் கொழுந்து கசக்குவது போலத்தான்.

அப்படியும் சிலர் போனிலேயே தோண்டும் ஆப்களைச் செய்தார்கள். போன் சூடாகி பெட்டரி கெட்டதுதான் மிச்சம். 2017 டிசம்பரில் கஸ்பர்ஸ்கி கம்பெனி 'லோபி' என்ற கள்ள ஆப் ஒன்றைப் பரிசோதித்தது. அது மறைவாகக் காசு தோண்டியதில் இரண்டே நாளில் போனின் பெட்டரி ஊதி, மூடியே பிதுங்கிவிட்டது. 2018இல் ஆப்பிளும் கூகிளும் போனுக்குள்ளேயே தோண்டும் ஆப்களுக்குத் தடை போட்டன. ஆகவே யாராவது லிங்க் அனுப்பி, "இது பிளே ஸ்டோர்ல இல்ல, இதுல இருந்து எறக்கிக்கோ" என்றால் எறக்கவே வேண்டாம்.

அப்படியானால் அந்த மகன் அமுக்குவது என்ன? விசாரித்தபோது அது 'பை நெட்வேர்க்' என்று தெரிந்தது. 2019 மார்ச் 14இல் தொடங்கிய ஆப் அது. 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பட்டனை அமுக்க வேண்டும். போன் எந்தக் கணக்கும் போடுவதில்லை, ஆள் வந்தார் என்று பெயர் பதிவதோடு சரி. பெரட்டுக்குப் போய் பேர் கொடுப்பது மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் இங்கே பேர் விழுந்தால் சம்பளம் நிச்சயம் என்று இல்லை. பல வருஷம் அந்தக் காசை வெளியில் விற்கவே வழியில்லாமல் இருந்தது, 2025 பெப்ரவரி 20இல்தான் திறந்துவிட்டார்கள். விலை ஏறும், அதைவிட வேகமாக இறங்கும்.

அதன் முக்கிய விதி, ஆளுக்கு ஒரு கணக்கு. ஒரே பிள்ளை அப்பா பேரில், அம்மா பேரில், ஆத்தா பேரில் என்று நாலு கணக்கை நடத்தினால் அது விதிமீறல், சேர்த்தது எல்லாமே போகலாம். காசை எடுக்க வேண்டுமானால் கணக்கில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும், உரியவர் முகத்தையும் காட்ட வேண்டும். இந்தச் சோதனையை 2025 மார்ச் 14க்கு முன் முடிக்காத பலர் பழைய சேர்ப்பில் பெரும் பகுதியை இழந்தார்கள். அத்தோடு, பணப்பைக்கு 24 சொல் கொண்ட ஒரு ரகசிய வரிசை உண்டு. அது தொலைந்தால் கம்பெனியாலும் மீட்டுத்தர முடியாது. வேறொருவர் கண்ணில் பட்டால் காசு அவருடையது. கடைக்காரத் தம்பியிடம் "நீயே போட்டுக் குடு" என்று கொடுக்கும் வேலை இதில் ஆகாது.

நம் நாட்டு நிலையையும் சொல்ல வேண்டும். மத்திய வங்கி 2021இலும் 2022இலும் மெய்நிகர் நாணயங்கள் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. இவை இலங்கையில் சட்டபூர்வமான பணம் அல்ல என்றது. நட்டம் வந்தால் ஈடு கேட்க இடமில்லை. ஆள் சேர்த்தால் கமிஷன், சேர்வதற்கு முன்பணம் என்று நடக்கும் பிரமிட் திட்டங்களோ வங்கிச் சட்டப்படி குற்றம். சேர்ந்தவர் இன்னொருவரைச் சேர்த்தால் அவரும் மாட்டுவார்.

இன்னும் மோசமானது, "உங்க பேங்க் கணக்குல காசு வரும், எடுத்துக் குடுங்க, ஆயிரம் ரெண்டாயிரம் தாரோம்" என்பது. அது களவுக் காசாக இருந்தால் பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரர் வீட்டுக்குத்தான். சம்பளம் விழும் கணக்கும் முடங்கிவிடும்.

அந்தத் தாயிடம் நாங்கள் சொன்னது இவ்வளவுதான். மகன் தன் பேரில் ஒன்றை மட்டும் வைத்துக் கொண்டு மற்ற மூன்றையும் விடட்டும். ரீலோட் காசைத் தவிர ஒரு சதமும் அதில் போட வேண்டாம். அட்டைப் படங்களை யாருக்கு அனுப்பினான் என்று கேளுங்கள், போனில் இருப்பதை அழிக்கச் சொல்லுங்கள். பிரஜாவுரிமைக்கும் அந்த அட்டைக்கும் நம் பெரியவர்கள் எத்தனை கந்தோர் படியேறினார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஆத்தா பக்கத்தில்தான் இருக்கிறார், அவரையே சொல்லச் சொன்னோம்.