வரிச்சும் இயந்திரக் கையும்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று வளைந்து போகும் பஸ் கடைசியாகக் கிளாவரையில் நிற்கும். அங்கே பூச்சு உதிர்ந்த பழைய மண்சுவர் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாகக் குச்சி கட்டிய வரிச்சு, இருபுறமும் அப்பிய மண், மண்ணுக்குள் வைக்கோல் துண்டு. ஓரிடத்தில் அப்பியவரின் விரல் தடம் அப்படியே காய்ந்திருந்தது.

மண் பாரம் தாங்கும். ஆனால் இழுவிசை வந்தால் வெடித்துவிடும். அந்த இழுவையைக் குச்சியும் வைக்கோலும் வாங்கிக்கொள்ளும். கலப்புப் பொருளின் சூத்திரமே இதுதான்.

சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் 2019-இல் திறந்த 'டிஃபேப் ஹவுஸ்' வீட்டில் வரிச்சு கட்டியது ஒரு ரோபோ. ஜூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய அந்த இயந்திரக் கை கம்பியை வளைத்து, வெட்டி, பற்றவைத்து 12 மீட்டர் நீள வலையைப் பின்னியது. வலைக்கண் நெருக்கமானதால் உள்ளே நிரப்பிய கான்கிரீட் வெளியே வழியவில்லை. பலகை அடைப்பே இல்லாமல் வளைந்த சுவர் எழுந்தது.

நம் பக்கத்தில் சென்னை ஐஐடி வளாகத்தில், அங்கே படித்தவர்கள் தொடங்கிய 'த்வஸ்தா' நிறுவனம் 600 சதுர அடி வீட்டை முப்பரிமாண அச்சில் கட்டியது. 2021 ஏப்ரலில் திறப்பு விழா. கான்கிரீட் கலவை குழாய் முனையிலிருந்து பட்டை பட்டையாக இறங்க, சுவர் நடுவே கூடு விட்டு வளர்ந்தது. பொருள் மிச்சம், ஒயர் இழுக்கச் சுவரைக் கொத்தவும் வேண்டாம்.

இதில் என்னைக் கவர்ந்தது இயந்திரத்தைவிடக் கலவைதான். குழாயில் வழுக்கி ஓட வேண்டும், விழுந்த நொடியில் நிற்க வேண்டும். அடுத்த பட்டை சீக்கிரம் விழுந்தால் கீழது சரியும். தாமதித்தால் இரண்டும் ஒட்டாது. குழைத்த மண்ணைப் படை படையாக அடுக்கிப் படைச்சுவர் வைப்பவர்களுக்கு இது பழகிய கவலை. நேற்று வைத்த படையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் அடுத்ததை வைப்பார்கள்.

சிமென்ட்தான் வேண்டும் என்றும் இல்லை. இத்தாலியின் 'வாஸ்ப்' நிறுவனம் 2018-இல் அச்சிட்ட 'கையா' வீட்டுச் சுவரில் 25 சதவீதம் மண், 40 சதவீதம் நெல் வைக்கோல், 25 சதவீதம் உமி, 10 சதவீதம் சுண்ணாம்பு.

சிமென்ட் மூட்டை ஒவ்வொன்றும் லாரியில் மலையேறி வரவேண்டிய கிளாவரைக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம் என்று நினைக்கிறேன். இயந்திரக் கை பிறகு வரட்டும். ஊர் மண்ணை அறிய முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலும் தண்ணீரும் போதும். மண்ணைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் தங்கும். களி மறுநாள்தான் மேலே படியும். எது எத்தனை விரற்கடை என்று பாட்டிலின் மேலேயே அளந்துவிடலாம்.