தொடங்கியவர் ஒருவர், குடிபுகுந்தது அரசு

பழைய தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த கொத்மலைத் தோட்டத்தவர் எவரும் அக்கட்டடத்தை அறிவர். கிராமத்துக் கதாநாயகன் சென்னையை அடைந்துவிட்டான் என்பதை உணர்த்த, முதலில் சென்ட்ரல் ரயில் நிலையத்தைக் காட்டுவார்கள். அடுத்த கணமே மௌண்ட் ரோட்டின் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம் திரையில் எழும். அதைக் கட்டியவர் யார் என்று மாணவரைக் கேட்டால், 'அரசாங்கம்' என்றே விடை வருகிறது. அவ்விடை பாதிதான் சரி.

அம்மாளிகையைக் கட்டத் தொடங்கியவர் ஒரு வங்கியாளர். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் என்பது அவர் பெயர். (சென்னைக் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம் வேறொருவர், இருவரையும் ஒருவராக எண்ணுவோர் பலர்.) 1908இல் பிறந்த இவர், 1937 பெப்ரவரி 10ஆம் நாள் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார். கடல் கடந்து வணிகம் செய்த தமிழருக்கு அந்நியச் செலாவணி வசதி செய்து தருவதே அதன் நோக்கம். யுனைட்டட் இந்தியா ஆயுள் காப்புறுதிக் கம்பனியும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. அதற்கென ஒரு வானளாவி எழுப்ப விழைந்து, இலண்டனைச் சேர்ந்த பிரவுண், மௌலின் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு 1953இல் வேலையைத் தொடங்குவித்தார்.

1954 மார்ச் 13ஆம் நாள் சிங்கப்பூர்க் கல்லாங் விமான நிலையத்தில் இறங்கிய விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகி, 33 பேர் மாண்டனர். செட்டியாரும் அவருள் ஒருவர், வயது 45.

வேலை நிற்கவில்லை. ஆனால் கட்டடம் முடியுமுன்னரே உரிமை மாறியது. 1956 ஜனவரி 19ஆம் நாள் இந்திய அரசு ஆயுள் காப்புறுதித் தொழிலைத் தன் கைக்கு எடுத்தது. செப்டெம்பர் முதல் நாள் 245 நிறுவனங்கள் ஒரே கூட்டுத்தாபனமாயின. அவற்றுட் சில, மக்கள் செலுத்திய பணத்தைப் பாழாக்கியிருந்தன என்பது உண்மையே. ஆகவே அம்முடிவைக் குறைகூற நாம் முன்வரோம். எனினும், அரசின் கைக்கு வந்த உடனே எல்லாம் தூய்மையாகிவிடவில்லை. முந்திரா என்பவரின் கம்பனிகளிற் கூட்டுத்தாபனம் செய்த முதலீடு பாராளுமன்றத்தில் வெடித்து, 1958இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது.

இதற்கிடையே கட்டட வேலை எல்.எம். சித்தாலேயின் மேற்பார்வைக்கு வந்தது. 177 அடி உயர மாளிகையை 1959 ஓகஸ்ட் 23ஆம் நாள் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். அதன் நெற்றியிற் பொறிக்கப்பட்டது கூட்டுத்தாபனத்தின் பெயர்.

1975இல் அங்கே பெருந்தீ மூண்டது, பின்னர் செப்பனிட்டார்கள். அதே ஆண்டில் நம் மலைநாட்டுக் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆயினும் அண்டையிலுள்ள புசல்லாவையைப் பாருங்கள்: ஐரோப்பிய வங்கிக் குடும்பமான ரொத்சைல்டின் உறவினர், வோம்ஸ் சகோதரர், 1841இல் தொடங்கிய தோட்டம் இன்றும் 'ரொத்சைல்ட்' என்றே வழங்குகிறது. அரசு எடுத்தும் முதலாளியின் பெயர் இங்கே நிலைத்தது, சென்னையிலோ மறைந்தது. காட்டை வெட்டிக் கன்று நட்ட எம் முன்னோர் பெயரும், சாரத்தில் ஏறிச் சாந்து சுமந்தோர் பெயரும் எங்குமே எழுதப்படவில்லை.

சென்னைக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகள், இப்போது அண்ணா சாலை எனப்படும் அவ்வீதியில் அக்கட்டடத்தை இன்றும் காணலாம். செட்டியார் நிறுவிய வங்கியின் தலைமையகமும் அதே சாலையில்தான் இருக்கிறது. அவ்வங்கியும் 1969 யூலை 19ஆம் நாள் அரசுடைமையாயிற்று.