மெனோபாஸுக்குப் பிறகு ரத்தக்கசிவு: ஒரு சொட்டு என்றாலும் பரிசோதனை ஏன் அவசியம்?

‘தூரம் நின்னு ஆறு வருஷம் ஆச்சு, இப்போ திரும்ப லேசா படுது’ - இந்த ஒரு வரியை மருத்துவரிடம் சொல்வதற்குள் பல பெண்களுக்கு மாதக்கணக்கில் ஓடிவிடுகிறது. ‘உடம்பு சூடு’, ‘அலைச்சல்’ என்று அவர்களே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள். மோரும் வெந்தயமும் குடித்துப் பார்க்கிறார்கள். கசிவு தானாக நின்றுவிட்டால், விஷயம் அத்தோடு மறந்துபோகிறது. பெற்ற மகளிடம் சொல்லக்கூடக் கூச்சம்.

இந்தத் தாமதம்தான் ஆபத்து. மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால் அது மெனோபாஸ். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46 - 47 வயதில் நிகழ்கிறது. அதற்குப் பிறகு வரும் எந்த ரத்தக்கசிவும் ‘திரும்ப வந்த மாதவிடாய்’ ஆகாது. அது பழுப்பு நிறக் கறையாக இருந்தாலும் சரி, ஒரே ஒரு நாள் வந்து நின்றிருந்தாலும் சரி, காரணத்தைக் கண்டறிந்தே ஆக வேண்டும்.

அப்படியென்றால் அது புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. மெனோபாஸுக்குப் பிறகு ரத்தக்கசிவு ஏற்படும் 100 பெண்களில் சுமார் 9 பேருக்கே கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரியவந்துள்ளது. மற்றவர்களுக்கு வேறு காரணங்கள்: ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பும் கர்ப்பப்பைச் சவ்வும் மெலிந்து உலர்வது, பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி, சவ்வு அளவுக்கு மீறித் தடிப்பது, ஹார்மோன் மாத்திரைகள்.

ஆனால், கணக்கைத் திருப்பிப் போட்டால் படம் மாறுகிறது. மெனோபாஸுக்குப் பின் இந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் 10-ல் 9 பேருக்கு ரத்தக்கசிவு இருந்திருக்கிறது. உடலுக்குள் மறைந்திருக்கும் ஒரு நோய் இவ்வளவு வெளிப்படையாக முன்கூட்டியே அறிவிப்பது அபூர்வம். கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவுவதற்கு முன் கண்டுபிடித்தால், 5 ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவர்கள் 90 சதவீதத்துக்கும் அதிகம் என்கின்றன அமெரிக்கப் புள்ளிவிவரங்கள்.

உடல் பருமன், சர்க்கரை நோய், குழந்தைப்பேறு இல்லாதது, இளம் வயதில் பிசிஓஎஸ், மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் மாத்திரை எடுத்தது, குடும்பத்தில் பெருங்குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்றுநோய் இருப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டும் காரணிகள்.

என்னென்ன பரிசோதனைகள்?

முதலில் மருத்துவர் நேரில் பார்த்துப் பரிசோதிக்க வேண்டும். ரத்தம் பிறப்புறுப்பிலிருந்துதான் வருகிறதா, சிறுநீர்ப் பாதையிலிருந்தா, மூலத்திலிருந்தா என்பதே பல நேரங்களில் தெரிவதில்லை. ஸ்பெகுலம் வைத்துப் பார்த்தால் கர்ப்பப்பை வாயில் புண்ணோ கட்டியோ இருப்பதும் தெரிந்துவிடும். ‘ஸ்கேன் மட்டும் எழுதிக் கொடுங்க, போதும்’ என்று கேட்பது சரியல்ல.

அடுத்தது, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள் ஸ்கேன். இதில் கர்ப்பப்பைச் சவ்வின் தடிமனை அளக்கிறார்கள். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. அதற்கு மேல் இருந்தால் பயாப்ஸி தேவை. சவ்வு மெலிதாகவே இருந்தாலும், கசிவு மீண்டும் மீண்டும் வந்தால் அப்போதும் பயாப்ஸி செய்ய வேண்டும். திருமணமாகாத பெண்கள் உள் ஸ்கேனுக்குத் தயங்கினால், வயிற்றின் மேல் வைத்தோ ஆசனவாய் வழியாகவோ ஸ்கேன் எடுக்கும் வழி உண்டு.

பயாப்ஸி என்றதும் பயப்பட வேண்டியதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பப்பைக்குள் செலுத்திச் சிறிதளவு சவ்வை உறிஞ்சி எடுப்பார்கள். சில நிமிட வேலை. மாதவிடாய் வலிபோல ஒரு வலி இருக்கும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். வயதாக ஆகக் கர்ப்பப்பை வாய் சுருங்கிவிடுவதால், சிலருக்குக் குழாய் உள்ளே போகாது. அவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து ஹிஸ்டெரோஸ்கோபி மூலம் உள்ளே பார்த்தே சதையை எடுப்பார்கள்.

ரிப்போர்ட்டில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘மாதிரி போதவில்லை’ என்று எழுதியிருந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று அர்த்தமில்லை. சவ்வின் தடிமனையும் கசிவு தொடர்கிறதா என்பதையும் வைத்து, மறுபடி சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

‘கர்ப்பப்பையையே எடுத்துட்டா என்ன?’

பலரும் கேட்கும் கேள்வி இது. பயாப்ஸி முடிவு தெரியாமல் அவசரப்பட்டு எடுப்பது சரியான வழி அல்ல. புற்றுநோய் என்று முன்பே தெரிந்தால் அறுவை சிகிச்சையின் முறையே வேறு. சினைப்பைகள், கருக்குழாய்கள், நெறிக்கட்டிகள் என்று எதையெல்லாம் நீக்க வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும் என்பது மாறும். ஏற்கெனவே கர்ப்பப்பையை எடுத்தவர்களும் கசிவு வந்தால் காட்ட வேண்டும். சிலருக்குக் கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருப்பார்கள். சினைப்பைகளும் அப்படியே இருக்கலாம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: வயது கடந்தால் சோதனையும் மாறும்

இந்தியாவில் 2022-ல் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏற்பட்டதாகவும், சுமார் 80 ஆயிரம் பேர் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, நிறம் வெளுக்கிறதா என்று பார்க்கும் விஐஏ சோதனையின் பலனை நிரூபித்ததில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், ஒரே ஒரு சுற்றுச் சோதனையே இறப்பை 35 சதவீதம் குறைத்தது. 2007-ல் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது.

ஆனால், மெனோபாஸுக்குப் பிறகு இந்தச் சோதனையை முழுமையாக நம்ப முடியாது. புற்றுநோய் தொடங்கும் பகுதி மெல்ல மெல்லக் கர்ப்பப்பை வாயின் உட்பக்கம் நகர்ந்துவிடுவதால், கண்ணுக்குத் தெரியாது. இந்த வயதினருக்கு ஹெச்பிவி சோதனை அல்லது பாப் ஸ்மியர்தான் பொருத்தம். ‘முன்னாடியே டெஸ்ட் எடுத்தாச்சு’ என்பவர்கள், எந்த டெஸ்ட், எந்த வருடம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. உடலுறவுக்குப் பின் ரத்தம், துர்நாற்றத்துடன் நீர் போவது ஆகியவை இந்த நோயின் அறிகுறிகள். இவை இருந்தால் ‘டெஸ்ட் நார்மல்’ என்ற பழைய ரிப்போர்ட்டை நம்பி இருக்கக் கூடாது.

சினைப்பை: சத்தம் போடாத எதிரி

சினைப்பைப் புற்றுநோய்க்கு இப்படித் தெளிவான அறிவிப்பு இல்லை. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது ஆகியவையே அறிகுறிகள். இவை கேஸ் தொல்லை என்று நினைத்து மாத்திரை போட வைப்பவை. 50 வயதுக்கு மேல் இவை புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் வந்தால், ஸ்கேனும் சிஏ 125 ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

அதேநேரம், அறிகுறி ஏதும் இல்லாதவர்கள் ‘பேக்கேஜ்’ பரிசோதனையில் சிஏ 125 பார்ப்பதால் பயனில்லை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான மெனோபாஸ் கடந்த பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. வழக்கமான ஸ்கிரீனிங்கால் சினைப்பைப் புற்றுநோய் இறப்பு குறையவில்லை என்று அது காட்டியது.

அரிப்பு, எரிச்சலையும் சொல்லுங்கள்

வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஆகியவை ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வருபவை. மருத்துவர் தரும் க்ரீம்களால் நல்ல நிவாரணம் கிடைக்கும். ஆனால், வெளி உறுப்பில் வாரக்கணக்கில் ஆறாத அரிப்பு, வெள்ளைத் திட்டு, புண் இருந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பையே பூசிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த இடத்தை மருத்துவர் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சிறு பயாப்ஸி எடுப்பார்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கடைசி மாதவிடாய் எப்போது, கசிவு எத்தனை முறை, எவ்வளவு, சர்க்கரை - பிபி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மார்பகம், சினைப்பை, கர்ப்பப்பை, குடல் புற்றுநோய் இருந்ததா - இவற்றை எழுதி எடுத்துச் செல்லலாம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, நாட்டு மருந்து உட்பட எல்லா மருந்துகளையும் சொல்ல வேண்டும். நோய் உறுதியானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கும் இடம் உண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவோ மாமியாரோ இதைத் தானாக வந்து சொல்லமாட்டார்கள். ‘தூரம் நின்ன பிறகு எப்பவாவது ரத்தம் பட்டுதாம்மா?’ என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். ‘ஆமாம்’ என்றால், அந்த வாரமே மகளிர் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.