நடந்ததை நடந்து முடிந்ததாக்கும் சிகிச்சை

உயிருக்கு ஆபத்து வந்து விலகிய பிறகு சில வாரங்கள் உடல் பதறுவதும் தூக்கம் கெடுவதும் இயல்பு. விபத்து, பாலியல் வன்முறை, போர், வெள்ளம் என எதைக் கடந்து வந்தவர்களானாலும் பெரும்பாலோர் சிகிச்சை இல்லாமலேயே மெல்லத் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் அது நடப்பதில்லை. காட்சிகள் அழையாமல் வந்து நிற்கும்; கெட்ட கனவு வரும்; சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும்; அந்த இடம், அந்தப் பேச்சு என்றாலே ஒதுங்கத் தோன்றும். ஒரு மாதத்துக்கு மேலும் இவை சேர்ந்து நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதை மனவடு நோய் என்கிறார்கள். மருத்துவர்கள் வாயில் பி.டி.எஸ்.டி. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலை அமெரிக்காவில் பெரும் விவாதமான பிறகு, 1980இல்தான் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது இடம்பிடித்தது.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெளியான சிகிச்சை வழிகாட்டுதல்கள் இந்த நோய்க்கு முதலில் பரிந்துரைப்பது மாத்திரையை அல்ல; அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை, அதாவது சி.பி.டி.யை. இதன் வேர்களில் ஒன்று 1960களில் பிலடெல்பியாவில் மனநல மருத்துவர் ஆரன் பெக் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறை. நடந்த சம்பவம் மட்டும் ஒருவரை வாட்டுவதில்லை, அதற்கு அவர் கொடுத்துக்கொண்ட பொருளும் வாட்டுகிறது என்பது பெக்கின் அடிப்படை. பேரதிர்ச்சிக்கு அதைப் பொருத்தியபோது நினைவு என்ற இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது.

முடிந்துபோன ஒன்றைப் பார்த்து இன்னும் ஏன் பயம்? உளவியலாளர்கள் ஆங்க்கே எலர்ஸும் டேவிட் கிளார்க்கும் 2000ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இந்த நோய் உள்ளவருக்கு ஆபத்து பழசாவதில்லை, இப்போதும் இருப்பதாகவே உடல் உணர்கிறது. எடுத்துக்காட்டாக, இரவுப் பேருந்து விபத்தில் உயிர் தப்பிய ஒருவருக்கு, மோதுவதற்கு முந்தைய நொடியில் கண்ணில் அடித்த லாரியின் முகப்பு விளக்கு மனதில் பதிந்திருக்கும். ஆனால் அந்த வெளிச்சம் எந்தத் தேதி, எந்த ஊர், அப்புறம் என்ன ஆனது என்பவற்றோடு ஒட்டாமல் தனியே கிடக்கும். பிறகு தெருவில் ஒரு பைக் விளக்கு அடித்தாலும் உடல் அந்த நொடிக்கே போய்விடும். திணித்து அடைத்த அலமாரி தானாகத் திறந்து சாமான் சரிவதைப் போல என்று நோயாளிகளுக்கு விளக்குவது எலர்ஸ், கிளார்க் இருவரின் வழக்கம். மூடி மூடி வைப்பதால் பயனில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்து, மடித்து, அதனதன் இடத்தில் வைக்க வேண்டும்.

மூடி வைக்கத்தான் மனம் விரும்புகிறது. பேருந்தில் ஏறாமல் இருந்தால் அன்றைக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் நோயை வளர்க்கிறது. ஏறியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் கைநழுவுகிறது. ‘அதையெல்லாம் மறந்துடு, பேசாதே’ என்று வீட்டார் அன்போடு சொல்வதும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே சிகிச்சை விலகுவதற்கு நேரெதிர்த் திசையில் போகிறது. அமெரிக்க உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த முறையில், தொண்ணூறு நிமிட அமர்வுகள் 8 முதல் 15 வரை நடக்கும். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை நிகழ்காலத்தில் சொல்வார்: ‘பஸ் திரும்புது, வெளிச்சம் கண்ணுல அடிக்குது.’ அதைப் பதிவு செய்து வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்பார். முதல் சில தடவை நெஞ்சு படபடக்கும்; நாளாக நாளாக அது தணியும். இன்னொரு பக்கம், அவர் ஒதுக்கிய இடங்களுக்குப் பூஜ்யம் முதல் நூறு வரை பய மதிப்பெண் போட்டு, குறைந்ததிலிருந்து ஏறுவார்: பகலில் பேருந்து நிலையத்தில் சும்மா நிற்பது, டவுன் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் போவது, கடைசியில் இரவுப் பயணம். உண்மையிலேயே ஆபத்தான எதுவும் இந்தப் பட்டியலில் வராது.

எலர்ஸ், கிளார்க் முறையில் திரும்பச் சொல்வது குறைவு, திருத்துவது அதிகம். ‘செத்துடுவேன், புள்ள அனாதையாயிடும்’ என்று நினைத்த நொடி வரும்போது, அன்றைக்குத் தெரியாத ஒன்றை, அதாவது தான் பிழைத்ததையும் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போவதையும், நோயாளி அந்த இடத்திலேயே சேர்த்துச் சொல்வார். பைக் விளக்கு அடித்தால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசங்களைத் தேடப் பழகுவார். முடிந்தால் சிகிச்சையாளரோடு விபத்து நடந்த இடத்துக்கே போய்ப் பார்ப்பார்.

மூன்றாவது கிளை அமெரிக்க உளவியலாளர் பெட்ரீஷியா ரெசிக் உருவாக்கியது. வழக்கமாக 12 அமர்வுகள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகத் தொடங்கிய இந்த முறை குற்ற உணர்வில் கை வைக்கிறது. ‘நான் சீட் மாத்திக் கொடுத்ததாலதான் தங்கச்சி போயிட்டா’ என்று ஒருவர் சொன்னால், சிகிச்சையாளர் ‘அப்படி இல்லைம்மா’ என்று ஆறுதல் சொல்வதில்லை. மாற்றிக் கொடுத்தபோது உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பார். அவளுக்கு ஜன்னலோரம் பிடிக்கும் என்றுதான் தெரியும், லாரி வரும் என்று தெரியாது. பின்னால் தெரிந்ததை முன்னாலேயே தெரிந்ததாக வைத்துத் தன்னைத் தண்டித்துக்கொள்வதை அவரே கண்டுபிடிக்கும்வரை கேள்விகள் தொடரும். துக்கம் இதனால் போய்விடாது; தானே கொன்றுவிட்டதாக எழும் எண்ணம் தளரும்.

பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வெளியே இது எடுபடுமா என்ற சந்தேகத்துக்கு வட அயர்லாந்து ஒரு பதில் தந்தது. 1998 ஆகஸ்ட் 15இல் ஓமா நகரில் வெடித்த கார்குண்டு 29 பேரைக் கொன்றது. அங்கிருந்த மருத்துவப் பணியாளர்களுக்கு எலர்ஸ், கிளார்க் முறையில் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் சிகிச்சை அளித்த 91 பேரிடம் கண்ட முன்னேற்றம், தேர்ந்த மருத்துவ ஆய்வுகளில் கண்டதற்குக் குறைந்ததாக இல்லை.

தமிழர்களிடமும் இதற்கு நெருங்கிய முறை ஒன்று பரிசோதிக்கப்பட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில், போரும் கடலும் சேர்ந்து தாக்கிய 31 சிறுவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த முறையில் உள்ளூர் ஆலோசகர்கள் சிகிச்சை அளித்தார்கள். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய அந்த முறையில் தரையில் ஒரு கயிற்றை நீட்டி, அதைப் பிறந்த நாளிலிருந்து இன்றுவரையான வாழ்க்கையாகக் கொண்டு, நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைப்பார்கள். பிறகு கல் கல்லாக எடுத்து நடந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆறு அமர்வுகள்தான். ஆறு மாதம் கழித்து இம்முறையில் 81 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்காகத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றவர்களில் 71 சதவீதம். இத்தனை சிறிய ஆய்வில் இந்த இடைவெளி பெரிதல்ல. சிறுவர்களுக்கு உதவ ஒரே வழிதான் உண்டென்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

இந்தச் சிகிச்சையின் எல்லைகளும் தெளிவானவை. பாதியில் நிறுத்துவோர் கணிசம். முழுமையாக நடத்தினாலும் எல்லோரும் தேறுவதில்லை. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். சம்பவம் நடந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்கச் செய்யும் வழக்கம் நோயைத் தடுப்பதில்லை என்று தெரிந்துவிட்டது. தூக்கத்துக்கென்று பென்சோடயாசெபைன் வகை மாத்திரையை முதல் மாதத்தில் தர வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல்.

கடினமான கேள்வி ஆபத்து இன்னும் தீராத இடங்களைப் பற்றியது. அங்கே பயம் பொய்யல்ல. மோதல்கள் ஓயாத கிழக்கு காங்கோவில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் ரெசிக் முறையைக் குழுவாக நடத்திப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. நடத்தியவர்கள் உளவியல் பட்டம் பெற்றவர்களல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். கலந்துகொண்டவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் எழுத்துப் பயிற்சிகள் மனப்பாடமாக மாற்றப்பட்டன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சிகிச்சை பெற்ற கிராமங்களில் மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்திருக்கக்கூடியவர்கள் 9 சதவீதம். தனிப்பட்ட ஆதரவு மட்டும் பெற்ற கிராமங்களில் 42 சதவீதம். மனவடு நோயிலும் வித்தியாசம் ஏறக்குறைய இதே போக்கில்தான் இருந்தது.